ஒரு கிராமை எறியும் ராட்

ஜப்பானியத் துறைமுகங்களில் இரவு விளக்கு விழும் நீரோரமாக நின்று அஜி மீன் பிடிப்பவர்களின் கையில் இருக்கும் ராட்டைவிட நுட்பமான தூண்டில் கருவி ஒன்றை நான் அறியேன். அஜி நம் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. துறைமுகத்துக்குள் சிக்குவது பெரும்பாலும் ஒரு சாண் நீளந்தான். அதற்குக் காட்டும் லூர், ஈயத் தலை வைத்த சின்ன முள்ளில் செருகிய ஒரு ரப்பர்ப் புழு. ஈயத் தலை ஒரு கிராம் இருக்கும். அதைவிடக் குறைவாகவும் கட்டுவார்கள். நம் ஒரு ரூபாய் நாணயமே மூன்று கிராமுக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எடையைக் கடற்காற்றில் வீசி, அது இருட்டில் மெல்ல இறங்கும்போது கீழே நடப்பதைக் கையால் அறிய வேண்டும். ராட் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும்.

கனமான லூர் என்றால் அதன் எடையே ராட்டை வளைத்துவிடும். வளைந்தது நிமிரும் வேகத்தில் லூர் பறக்கும். ஒரு கிராமுக்கு அந்த வலு கிடையாது. அதனால்தான் பலரும் கடைக்குப் போனதும் இருப்பதிலேயே துவளும் ராட்டாகத் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துவளும் ராட் ஒரு கிராமுக்கு வளையும், சரிதான். நிமிர்ந்த பிறகும் அது நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் தூண்டில் நரம்பில் அலையாக ஓடும். அலையும் நரம்பு, ராட்டில் அது கோத்திருக்கும் வளையங்களில் உரசி வேகம் இழக்க, லூர் பாதி தூரத்திலேயே விழும். ஆகவே முனை எவ்வளவு வளைகிறது என்பதோடு, நிமிர்ந்ததும் எத்தனை சீக்கிரம் அசையாமல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இலேசான லூருக்கான ராட்டின் தரம் முழுவதும் இந்த இரண்டாவது குணத்தில்தான் இருக்கிறது என்பேன்.

இந்தக் குணத்தைத் தந்தது கார்பன் இழை. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971இல் அதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை கண்ணாடி இழையில் செய்துவந்த ராட்டுகள் அந்தப் பத்தாண்டிலேயே கார்பனுக்கு மாறத் தொடங்கின. கார்பனின் விறைப்பை டன் கணக்கில் சொல்வார்கள்: 24 டன், 30 டன், 40 டன். டன் ஏற ஏற, அதே விறைப்புக்கு மெல்லிய சுவர் போதும். ராட் எடை குறையும், முனை சட்டென்று நிமிரும். கூடவே நொறுங்கும் தன்மையும் ஏறும். பாறையில் ஒருமுறை இடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, வேறொரு நாள் அந்த இடத்திலேயே முறியும். விளம்பரத்தில் பெரிய டன் எண்ணைப் பார்த்து மயங்குவதைவிட, அடித்தண்டில் விறைப்பான கார்பனும் முனைக்கு அருகில் சற்றே நெகிழும் கார்பனும் சேர்த்துச் சுற்றிய ராட்டைத் தேடுவது மேல்.

முனையைப் பற்றித்தான் தூண்டில்காரர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். உள்ளே குழலாக இருப்பது டியூபுலர். உள்ளீடற்ற தண்டின் நுனியில் மெல்லிய முழுக்கம்பியை ஒட்டியிருப்பது சாலிட். டியூபுலரில் மீன் தட்டும் தட்டு கணீரென்று கைக்கு வரும். ஆனால் அஜி எப்போதும் தட்டுவதில்லை. இரையை நீரோடு உறிஞ்சும். பொய் என்று தெரிந்ததும் துப்பிவிடும். சில நேரம் வாயில் வைத்தபடியே மேலே எழும். அப்போது நரம்பில் இருந்த பாரம் திடீரென்று காணாமல் போகும். ஒரு கிராம் பாரத்துக்கே சற்றுக் குனிந்து நிற்கும் சாலிட் முனை அந்த நொடியில் நிமிர்ந்துவிடும். பாரம் வந்ததைச் சொல்ல எந்த ராட்டாலும் முடியும். பாரம் போனதைச் சொல்லும் ராட் அபூர்வம். அதனால் அஜிக்கு நான் சாலிட் பக்கம்.

வாயோரச் சவ்வு மெல்லியது என்பதால் அஜியைத் தூக்கும்போது முள் கிழித்துக்கொண்டு வரும். விறைப்பான ராட்டை விரும்புகிறவர்கள், உடனே சுண்டினால் முள் உறுதியான மேல்தாடையில் ஏறும் என்பார்கள். மற்றவர்கள், ராட் விட்டுக்கொடுத்தால் மீன் தானாக மாட்டிக்கொள்ளும் என்பார்கள். கை வேகமானவருக்கு முதல் வழி. மெபாரு என்ற பாறையிடுக்கு மீனுக்கோ ஐயமே வேண்டாம். மெல்ல வளையும் டியூபுலர்தான் அழகு.

வளையங்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நுனியில் கூடும் ஒவ்வொரு துளி எடையும் முனை நிமிர்வதைத் தாமதப்படுத்தும். அதனால் நல்ல ராட்டில் முனையை நெருங்க நெருங்க வளையங்கள் பொடியாகிக்கொண்டே போகும். சட்டம் டைட்டேனியமாக இருக்கும். உள்விளிம்பு சிலிக்கான் கார்பைடு. ஃபூஜி நிறுவனம் 1981இல் அறிமுகப்படுத்திய இந்த வழவழப்பான, தேயாத விளிம்பு இல்லாமல் இன்றைய நரம்புகளைப் பயன்படுத்துவதே சிரமம். 0.3 எண் பின்னல் நரம்பின் தடிமன் 0.09 மில்லிமீட்டர்தான். அந்தப் பின்னல் நரம்பு மிதக்கும், காற்றுக்கு வளைந்து கொடுக்கும். பாலியெஸ்டர் நரம்பு மூழ்கும். ஒரு கிராமுக்கு அதுவே நேராக நிற்கும்.

கடைக்குப் போகும்போது சொந்த ரீலைக் கொண்டுபோங்கள். ராட்டின் எடையை மட்டும் பார்த்து வாங்கினால், ரீல் மாட்டிய பிறகும் முனை கனத்துத் தொங்கலாம். அதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். தண்டில் 0.5–5 கிராம் என்று அச்சிட்டிருந்தால், மேல் எண் அது தாங்கும் எல்லை. கீழ் எண் பெரும்பாலும் செய்தவரின் ஆசை. நீங்கள் எறியப்போகும் எடை அந்த இரண்டுக்கும் நடுவில், சற்றுக் கீழே விழட்டும். பிறகு கடைக்காரரிடம் கேட்டு நரம்பைக் கோத்து ஒரு கிராம் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். முனை லேசாகக் குனிய வேண்டும். மணிக்கட்டால் ஒரே சுண்டு. நுனி ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கினால் நல்ல ராட். நீளம் 6 அடிக்குச் சற்று முன்பின் இருந்தால் துறைமுகத்துக்குப் போதும். திறந்த அலைக்கரையில் தூரம் வேண்டுமென்றால் 7 அடி தேவைப்படும். அதற்குக் கொடுக்கும் விலை, விரலுக்கு வரும் செய்தியில் கொஞ்சம் மங்கல்.