மூலாதாரம் யாருடைய குரல்?
யாழ்ப்பாணச் சமூக வரலாற்றுச் சான்றுகள் பற்றிய ஒரு திறனாய்வு

1

வரலாறு எழுதப் புகுவோர் மூலாதாரங்களை நாடவேண்டும் என்பது இன்று யாவரும் ஒப்புக்கொண்ட விதியாகும். பழங்கதைகளையும் பெருமிதக் கற்பனைகளையும் வரலாறென மயங்கும் நிலையிலிருந்து நம்மை மீட்டது இவ்விதியே. ஆயினும், ஒரு நூலையோ ஏட்டையோ மூலாதாரம் என்று வழங்கும்பொழுது, அது எதற்கு மூலம், யாருக்கு ஆதாரம் என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்கள் எழாதவிடத்து, ஆதாரத்தின் பழைமையே அதன் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. எழுதியவனின் வர்க்க நிலை மறைந்து, அவன் எழுதியது மட்டும் ஒரு சமூகம் முழுவதன் குரலாக ஒலிக்கத் தொடங்குகின்றது.

யாழ்ப்பாணச் சமூக வரலாற்றைப் பொறுத்தவரையில் இப்பிரச்சினை வெறும் ஆய்வுமுறைப் பிரச்சினையன்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அதன்பின் நம் வரலாற்றை எழுதுவோன் முன்னிலும் அதிகமாக ஆட்சியாளரின் ஆவணங்களையே நம்பவேண்டியவனானான். அந்நியர் எழுதிவைத்த தோம்புகளும் அறிக்கைகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திலும் ஹேக், லிஸ்பன் முதலிய நகரங்களிலும் பேணப்பட்டுள்ளன. மக்கள் தமக்கென வைத்திருந்தவையோ நெருப்புக்கும் இடப்பெயர்வுக்கும் இரையாயின. எஞ்சியவற்றை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடைகாண யாழ்ப்பாண வைபவமாலை, தேசவழமை ஆகிய இரு மூலங்களை எடுத்துக்கொள்வோம்.

2

யாழ்ப்பாண வைபவமாலை மயில்வாகனப் புலவராற் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இயற்றப்பட்டது. மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்கவே அது எழுந்தது. வையாபாடல், கைலாயமாலை, பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை ஆசிரியர் ஆதாரமாகக் கொண்டார் எனப்படுகின்றது. இவற்றுள் இறுதி இரண்டும் இன்று நமக்குக் கிடைத்தில. எனவே, மறைந்த நூல்களின் செய்தி வைபவமாலையின் வழியாகவே நம்மை வந்தடைகின்றது என்பது அந்நூலின் முதற் பயன்.

அதன் குறைபாடுகளும் நெடுங்காலத்துக்கு முன்னரே எடுத்துக்காட்டப்பட்டவை. 1928இல் வெளிவந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்திலே சுவாமி ஞானப்பிரகாசர் போர்த்துக்கேய மூலங்களோடு இந்நூலை ஒப்பிட்டு ஆராய்ந்தார். மன்னார்க் கிறித்தவர் கொல்லப்பட்டது 1544இல். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். எழுபத்தைந்து ஆண்டு இடைவெளியுள்ள இந்நிகழ்ச்சிகளைச் சங்கிலி என்னும் ஒரே மன்னனின் வரலாறாக வைபவமாலை இணைத்துவிடுகின்றது. இரு மன்னர் ஒருவராயினர்.

இக்குறைபாட்டைக் கண்டு நூலையே ஒதுக்கிவிடுவது ஒரு போக்கு. நூலின் பழைமையைப் போற்றிக் குறைபாட்டை மறைப்பது மற்றொரு போக்கு. இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறப்பன. வைபவமாலை பதின்மூன்றாம் நூற்றாண்டு பற்றியோ பதினாறாம் நூற்றாண்டு பற்றியோ சொல்வதை மட்டும் இவ்விரு சாராரும் நோக்குகின்றனர். அது எழுதப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டு அவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆரியச் சக்கரவர்த்திகளின் தோற்றத்துக்கு அந்நூல் மிகத் தொலைவில் நிற்கும் சாட்சி. ஆனால் ஒல்லாந்தர் காலத்து நிலவுடைமையாளர் தம்மைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதற்கு அதுவே நேர்ச்சாட்சி. இன்ன தலைவர் இன்ன ஊரிற் குடியேற்றப்பட்டார் என்று அது தரும் நீண்ட பட்டியலை இந்நோக்கிற் படித்துப்பார்க்கலாம். எந்த ஊரின் முதன்மை எந்தக் குடிக்குரியது என்பது அரசன் அளித்த பழைய உரிமையாக அங்கே நிலைநாட்டப்படுகின்றது. புதிய ஆட்சியாளனுக்கு முன்னே பழைய உரிமையைப் பதிவுசெய்யும் விண்ணப்பமாகவும் அந்நூலைக் கொள்ளலாம். அவ்வூர்களில் வயலை உழுதோரும் பனை ஏறியோரும் அப்பட்டியலிலே தலைவர்களின் பின்னால் நிற்கும் பெயரற்ற கூட்டமாகின்றனர்.

ஆகவே ஒரு நூல் மூலாதாரமாவதும் ஆகாததும் அந்நூலின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. நாம் கேட்கும் கேள்வியையும் பொறுத்தது. ஒரு கேள்விக்கு வலுவற்ற சான்று மற்றொரு கேள்விக்கு மறுக்கவியலாச் சான்றாகலாம்.

3

வைபவமாலையிலே குறிப்பாகக் காணப்படுவது தேசவழமையில் வெளிப்படையாகின்றது. ஒல்லாந்த ஆள்பதி சிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒப்படைத்தார். ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்ட அத்தொகுப்பு தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். திருத்தங்களுக்கு உட்பட்டு இன்றும் நீதிமன்றங்களிலே வழக்கிலுள்ள சட்டம் அது.

இம்மூலத்தின் பயன் பெரிது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடு நம் குடும்ப அமைப்பையும் பெண்ணின் சொத்துரிமையையும் விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. அதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பண்டைக் காலத்திலே தந்தைவழிச் சொத்து ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், போர்த்துக்கேயர் காலத்தில் அவ்வழக்கம் மாறியதென்றும் அத்தொகுப்பே கூறுகின்றது. மாறாத பண்டை மரபு என்று இன்று பலராற் போற்றப்படும் தேசவழமை, தான் மாறிவந்த வழமையே என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கின்றது.

இனி அதன் எல்லையைக் காண்போம். கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளாக வகுத்து, அவர்களை உடைமை கொள்வது, விற்பது, வாங்குவது முதலியன பற்றித் தேசவழமை விதிகூறுகின்றது. அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் தாயின் எசமானுக்கே உரியர் என்பது அவற்றுள் ஒன்று. இவ்விதிகளை உறுதிப்படுத்தியோர் பன்னிரு முதலியார்கள். அடிமைகளை உடையோரும் அவர்கள் சார்ந்த வர்க்கமே. விதிக்கு உட்படுத்தப்பட்டோருள் எவரும் அச்சபையில் இல்லை. தேசத்தின் வழமை எனப்பட்டது, வணிகக் கும்பினியும் நிலவுடைமையாளரும் தம்முட் செய்துகொண்ட உடன்பாடு என்னும் பண்பையும் கொண்டிருந்தது. கும்பினிக்கு வரியும் ஒழுங்கும் வேண்டியிருந்தன. நிலவுடைமையாளருக்கு உழைப்பின்மீது எழுத்துரிமை வேண்டியிருந்தது. ஊருக்கு ஊர் வேறுபட்டும் காலத்துக்குக் காலம் நெகிழ்ந்தும் வந்திருக்கக்கூடிய ஊழிய உறவு, ஏட்டிலேறியதும் இறுகிய சொத்துரிமையாயிற்று.

ஆயினும் இதே ஏடு தன்னை எழுதுவித்தோருக்கு எதிராகவும் சாட்சி சொல்கின்றது. யாழ்ப்பாணத்திலே சாதி என்பது தொழிற்பிரிவினை மாத்திரமே, அடிமைமுறை இங்கே பெயரளவில் இருந்தது என்று கூறுவோருக்கு இவ்விதிகளைக் காட்டிலும் வலுவான மறுப்பு எது? ஒருவனை விற்கலாம் என்று எழுதப்பட்ட சட்டம், அவன் விற்கப்பட்டான் என்பதை மறைக்கவியலாது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்த உறவு ஊரில் ஒழிய மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் வேண்டியிருந்தது என்பதை 1960களின் பிற்பகுதியில் எழுந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் காட்டின. சட்ட ஏட்டை மட்டும் படிப்பவனுக்கு 1844ஓடு கதை முடிந்துவிடுகின்றது. மூலாதாரத்தின் எல்லைக்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

4

நம்மைப் போலவே அந்நியர் எழுதிய ஏடுகளிலிருந்து தம் வரலாற்றை மீட்கவேண்டியிருந்த மற்றொரு மக்களின் அனுபவம் இங்கு நோக்கற்பாலது. பிலிப்பைன்ஸ் தீவுகளிலே பணியாற்றிய ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ டி மோர்கா எழுதிய நூல் 1609இல் மெக்சிக்கோவில் அச்சாயிற்று. ஹோசே ரிசால் அதனைத் தேடிப் படித்து, தம் குறிப்புரைகளோடு 1890ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பாரிஸ் நகரில் வெளியிட்டார். ஸ்பானியர் வருகைக்கு முன்னர்த் தம் மக்கள் நாகரிகமற்றோராய் இருந்தனர் என்னும் கூற்றை ஸ்பானியர் ஒருவரின் சாட்சியத்தைக் கொண்டே அவர் மறுத்தார். ஆள்வோனின் ஏட்டை ஆளப்படுவோன் தன் கருவியாக்கிய செயல் அது. எனினும், கடந்தகாலத்தை நிகழ்காலத்தின் அளவுகோலால் அளக்கும் இடங்கள் அவ்வுரையில் உண்டு என்பதை அந்நூலின் முன்னுரையிலேயே அவருடைய நண்பர் புளூமென்றிற் சுட்டிக்காட்டினார். நண்பரின் கண்டனத்தையும் சேர்த்தே ரிசால் அச்சிட்டார். நாம் பின்பற்றவேண்டிய ஆய்வு நேர்மை இது.

அதே நாட்டில் நிகழ்ந்த வேறொன்று நமக்கு எச்சரிக்கையாக அமைகின்றது. 1433இல் களந்தியாவ் என்னும் தலைவன் வகுத்ததாகக் கூறப்பட்ட சட்டத்தொகுதி ஒன்று, ஹோசே மார்க்கோ என்பவர் 1914இல் நூலகத்துக்கு அளித்த ஏடுகளின் வழியே வெளிவந்தது. தம் முன்னோருக்குச் சொந்தச் சட்டம் இருந்தது என்னும் பெருமிதத்தால் நாடே அதனை ஏற்றது. பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. வில்லியம் ஹென்றி ஸ்கொட் தமது 1968ஆம் ஆண்டுக் கலாநிதிப் பட்ட ஆய்விலே அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என நிறுவினார். அந்நாட்டின் தேசிய வரலாற்று நிறுவனம் அதனை முறைப்படி நிராகரித்தது 2004இல் ஆகும்.

இவ்வெச்சரிக்கை தேசியவாதிகளுக்கு மாத்திரம் உரியதன்று. முற்போக்காளராகிய நமக்கும் உரியது. ஆவணங்கள் மௌனமாயிருக்கும் இடத்தில் ஒடுக்கப்பட்டோர் இவ்வாறு சிந்தித்திருப்பர், இவ்வாறு கிளர்ந்திருப்பர் என்று நாமே எழுதி நிரப்பும் ஆவல் எளிதில் எழக்கூடியது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் ஆதாரமற்ற கிளர்ச்சி, ஆதாரமற்ற அரச பரம்பரையைப் போலவே கற்பனையாகும். மௌனத்தை மௌனமென்று பதிவுசெய்து, அம்மௌனம் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதை விளக்குவதே பொருள்முதல்வாத ஆய்வுக்குப் பொருந்தும்.

5

அங்ஙனமாயின் ஏட்டிலேறாதோரின் வரலாறு எழுதவியலாததா? அன்று. மூலாதாரம் என்னும் கருத்தை நாம் விரிவுபடுத்தவேண்டும் என்பதே இதன் பொருள். ரெய்னால்டோ இலெற்றோ 1979இல் வெளியிட்ட நூலிலே, பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற மக்கள் தவக்காலத்திற் பாடிவந்த இயேசுவின் பாடுகள் பற்றிய பாடல்களை ஆதாரமாகக் கொண்டு, கிளர்ந்தெழுந்த மக்களின் சிந்தனையை விளக்கமுற்பட்டார். இலக்கிய மாணவராகிய நமக்கு இம்முறை அந்நியமானதன்று. ஒப்பாரியும் தாலாட்டும் தொழிற்பாடலும் கூத்தும் இவ்வகையிலே ஆதாரங்களே. 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை எடுத்துக்கொண்டால், தேசவழமை சொத்தாகக் கண்ட மனிதரின் வழித்தோன்றல்கள் அங்கே பேசுகின்றனர், கோபிக்கின்றனர், ஒன்றுகூடுகின்றனர். அந்நாவலைப் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது. இருபதாம் நூற்றாண்டிலே ஒடுக்கப்பட்டோர் தம் கடந்தகாலத்தை எவ்வாறு நினைவிற் சுமந்தனர் என்பதற்கு அது ஆதாரம். வைபவமாலைக்கு நாம் வகுத்த விதி பஞ்சமருக்கும் பொருந்தும்: எக்கேள்விக்கு இது நேர்ச்சாட்சி என்று முதலிற் கேட்கவேண்டும்.

வாய்மொழிச் சான்றும் குறையற்றதன்று. நினைவு, நிகழ்காலத்தின் தேவைக்கேற்பத் தெரிந்தெடுக்கும். வென்ற போராட்டத்தைப் பெரிதாக்கித் தோற்றதை மறக்கும். ஏட்டை வாய்மொழியாலும் வாய்மொழியை ஏட்டாலும் இரண்டையும் அகழ்வுச் சான்றாலும் உரசிப்பார்த்தல் வேண்டும். அவ்வாறு உரசும்போது நம் சொந்த முடிவுகளே உடையவும் கூடும். ஈழத்துத் தமிழர் குடியேற்றம் பற்றி 1965இல் தமது ஆய்வேட்டிற் கூறிய கருத்துகளைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளிவந்த தமது நூலிலே புதிய சான்றுகளின் அடிப்படையில் மாற்றிக்கொண்டார். அதனைத் தோல்வி என்று கருதுவோர் ஆய்வின் இயல்பை அறியாதோராவர்.

6

இறுதியாக, நமக்கு அண்மையிலுள்ள ஒன்றைக் குறிப்பிடவேண்டும். 1983இன் பின்னரும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் வெறுமையானபோதும் ஊரைவிட்டுப் பெயர்ந்த மக்கள் கையில் எடுத்துச்சென்றவற்றுள் காணி உறுதிகளும் இருந்தன. வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலே அலுமாரிகளுக்குள் அவை இன்றும் கிடக்கின்றன. உறுதி வைத்திருப்போன் தன் வரலாற்றையும் ஒருவாறு வைத்திருக்கின்றான். கொட்டாஞ்சேனையிலும் துறைமுகத்தை அண்டிய தெருக்களிலும் வாழும் தொழிலாளியிடம் உறுதி இல்லை. அவனிடமுள்ளவை தொழிற்சங்க அட்டையும் அடகுக்கடைத் துண்டும் பழைய சம்பளச் சீட்டும். பிலிப்பைன்ஸில் இதுவரை கிடைத்தவற்றுள் காலக்குறிப்புடைய மிகப் பழைய ஆவணம், கி.பி. 900ஆம் ஆண்டைச் சேர்ந்த லகுனா செப்பேடு. ஒரு மனிதனும் அவன் வழித்தோன்றல்களும் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டதை அது கூறுகின்றது. ஒரு கடன் தீர்ந்த சீட்டு ஆயிரத்து நூறு ஆண்டுகளின் பின்னர் ஒரு நாட்டின் வரலாற்றுக்குத் தொடக்கமாயிற்று.

ஆகவே உறுதிகளைத் தேடும் அதே முயற்சியோடு அடகுத் துண்டுகளையும் தேடுதல் நம் கடனாகும். தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவரும் இப்பணியிலே ஈடுபடலாம், பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாளைய ஆய்வாளனுக்கு எது மூலாதாரமாகக் கிடைக்கும் என்பதை இன்று எதைப் பேணுகின்றோம், எதை எறிகின்றோம் என்பதே தீர்மானிக்கின்றது. 1707இல் அத்தீர்மானத்தை ஓர் ஒல்லாந்த அதிகாரியும் பன்னிரு முதலியார்களும் செய்தனர். இன்று அதனைச் செய்யும் பொறுப்பு நம்முடையது.