டொலரில் எழுதப்படும் விலை: கீதா கோபிநாத்தின் ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டின் நாணயம் பெறுமதி இழக்குமாயின் அந்நாட்டுப் பண்டங்கள் பிறநாட்டார்க்கு மலிவாகும், ஏற்றுமதி பெருகும், இறக்குமதி சுருங்கும். பொருளியல் மாணவர் தொடக்கத்திலேயே மனனஞ்செய்யும் பாடம் இது. 1960களின் முற்பகுதியில் முண்டெலும் பிளெமிங்கும் வகுத்த மாதிரியுருவிலும் இதுவே அமைந்துள்ளது. ஏற்றுமதியாளன் தன் பண்டத்தின் விலையைத் தன் நாட்டு நாணயத்திலேயே குறிக்கின்றான் என்பது அதன் எடுகோள். இவ்வெடுகோளை வணிக நடைமுறையோடு ஒப்புநோக்கியமையே கீதா கோபிநாத்தின் ஆய்வுகளுடைய தலையாய சிறப்பு எனலாம்.

உலக இறக்குமதியில் அமெரிக்காவின் பங்கைப் போல் ஏறத்தாழ 4.7 மடங்கு இறக்குமதி டொலரில் விலையிடப்படுகின்றது என அவர் 2015இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவோடு தொடர்பற்ற இரு நாடுகளும் தமக்குள் டொலரிலேயே விலைபேசுகின்றன என்பது இதன் பொருள். 2020இல் ஐவருடன் இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை, இதனை 'ஆதிக்க நாணயம்' என்னும் கோட்பாடாக வளர்த்தது. டொலரின் பெறுமதி நூற்றுக்கு 1 வீதம் உயர்ந்தால், ஏனைய நாடுகளுக்கிடையிலான வணிகத்தின் அளவு ஓராண்டினுள் ஏறத்தாழ 0.6 வீதம் குறைகின்றது என்பது அதன் முடிபுகளுள் ஒன்று.

அக்கட்டுரை எடுத்தாளும் கொலம்பியாவை நோக்குக. அந்நாட்டு ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் டொலரில் விலையிடப்படுகின்றது. பெசோ வீழ்ந்தாலும் டொலர் விலை உடனே மாறுவதில்லை. ஆதலின் வாங்குபவருக்கு மலிவேதும் தோன்றுவதில்லை. இறக்குமதியோ பெசோவில் உடனே விலையேறுகின்றது. சீராக்கத்தின் சுமை இறக்குமதியின் மேலேயே விழுகின்றது.

இதுவரை ஆய்வு பாராட்டுக்குரியது. எனினும் 'இறக்குமதி சுருங்குகின்றது' என்னும் தொடரோடு அது நின்றுவிடுகின்றது. எவருடைய இறக்குமதி சுருங்குகின்றது என்ற வினா அங்கு எழுப்பப்படவில்லை. டொலரில் வருமானம் பெறும் ஏற்றுமதியாளருக்கு உள்நாட்டு நாணயத்தில் இலாபம் மிகுகின்றது. கூலி பெறுபவருக்கோ வாங்கும் சக்தி தேய்கின்றது. நாட்டை ஒரு தனியலகாகக் கொள்ளும் மாதிரியுருவில் இவ்விருவரும் ஒருவராகிவிடுகின்றனர்.

இக்குறை வெறும் ஏட்டுக்குறையன்று என்பதை இலங்கையின் அனுபவம் உணர்த்தும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்தது. சுருங்கிய இறக்குமதி என்பது இங்கு மண்ணெண்ணெயும் பால்மாவும் மருந்துமாகும். கையிருப்பு வற்றிய நாட்டிற்கு வேறு வழி அரிது என்பது உண்மையே. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த திட்டமும் நெகிழ்வான நாணயமாற்று வீதத்தை வலியுறுத்தியது. அந்நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக 2019 முதல் 2022 வரை கடமையாற்றியவரும் கீதா கோபிநாத்தே.

டொலரின் ஆதிக்கம் எவ்வாறு தன்னைத்தானே நிலைநிறுத்துகின்றது என்பதையும் அவர் ஜெரமி ஸ்டைனுடன் 2021இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகின்றது. அவ்வாதிக்கத்தின் விலையை ஒரு சமூகத்தினுள் எவ்வெவர் செலுத்துகின்றனர் என்பதே எஞ்சியுள்ள வினா. அதனை ஆராய்வது, அவ்விலையைச் செலுத்தும் நாடுகளின் பொருளியல் மாணவர்க்குரிய பணியாகும்.