அப்பாவின் முகம் எங்கே?

நண்பர் ஒருவரின் தகப்பனார் காலமாகிவிட்டார். பத்தாம் நாளுக்குள் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டிலிருந்த நான்கு செல்போன்களிலும் தேடினோம். அவர் இருக்கும் படங்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. முகம்தான் கிடைக்கவில்லை.

ஒன்றில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். வெளியே முருங்கை மரம் இலை இலையாகத் தெரிகிறது, பெரியவர் கரிக்கட்டை. இன்னொன்று ராத்திரி எடுத்தது. ஃப்ளாஷில் நெற்றியும் விபூதியும் ஒன்றாகிவிட, பின்சுவரில் அவருடைய நிழல் பழைய பட வில்லன் மாதிரி நிற்கிறது. மூன்றாவதில் வெளிச்சம் பிரமாதம். ஃபோகஸ் மட்டும் பின்னாலிருந்த கோபுரத்தின் மேல். பொம்மைகளை எண்ணலாம்.

'கேமரா சரியில்லை' என்றார் நண்பர். கேமரா மேல் தப்பே இல்லை ஸார். அதற்கு அப்பா யாரென்று தெரியாது. காட்சி மொத்தத்தையும் சராசரியாக ஒரு சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, நடுவே நம்முடைய மாநிறம் என்றால், 'அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடும். இப்போதைய போன்கள் முகத்தைத் தேடிப் பிடிக்கின்றன. ஆனால் முகம் இருட்டில் இருந்தால் கோட்டை விடுகின்றன.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். திரையில் முகத்தைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் அங்கே வந்துவிடும். போதாவிட்டால் பக்கத்தில் தெரியும் சூரியனை மேலே தள்ளுங்கள். பெரிய கேமராவில், கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். மறு கன்னம் ரொம்பக் கருத்தால் எதிரே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் போதும்.

ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் 1815-ல் பிறந்தவர். 48 வயதில், 1863-ல், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் படமெடுக்கப் பழகினார். கோழிக்கூண்டுதான் ஸ்டூடியோ. எக்ஸ்போஷர் நிமிடக்கணக்கில். ஃபோகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்து விமரிசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். 1875-ல் இலங்கைக்குப் போய் 1879-ல் அங்கேயே இறந்தார். அவர் எடுத்த முகங்கள் இன்றைக்கும் நம்மைப் பார்க்கின்றன. காரணம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, எதிரே இருந்த ஆளையும் பார்த்தார். நாம் திரையை மட்டும் பார்க்கிறோம்.

கடைசியில் படம் கிடைத்தது. ஏழு வயதுப் பேத்தி, சாயங்காலம் வாசற்படியில் எடுத்தது. லேசாக ஆடியிருந்தது. ஆனால் ஒரு பக்கத்து வெளிச்சத்தில் தாத்தா தாத்தாவாகவே இருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அதன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். 'எனக்கெதுக்குப்பா இதெல்லாம்' என்பார். விடாதீர்கள்.