பகுதித் தொடர்த் தேடலும் புணர்ச்சியும்: முழுப்பனுவல் தேடுபொறிகளின் பொருத்த நெறிகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொடரின் பகுதியைக் கொண்டு முழுத் தொடரைக் கண்டறிய முழுப்பனுவல் தேடுபொறிகள் கையாளும் முறைகளைத் தமிழ்ப் பனுவல்களின் இயல்போடு வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இம்முறைகள் இடைவெளியைச் சொல்லெல்லையாகவும், சொல்லின் தொடக்கத்தை மாறாப் பகுதியாகவும் கொள்கின்றன. புணர்ச்சியும் சீர்பிரிப்பும் உடைய பனுவல்களில் இக்கொள்கை, இருப்பதை இல்லை என்று காட்டிவிடுகிறது. ஆதலின் தேடுபொறி தரும் ‘இல்லை’ என்னும் விடையை, அதன் பொருத்த நெறியை அறியாமல் ஆய்வுச் சான்றாகக் கொள்ளலாகாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: முழுப்பனுவல் தேடல், பகுதித் தொடர், புணர்ச்சி, சீர்பிரிப்பு, சொல்லடைவு, ஒருங்குறி.

முன்னுரை

சொல்லாட்சியைச் சான்றாகக் கொண்டு நூலின் காலத்தையும் ஆசிரியரின் நடையையும் ஆராய்வது தமிழாய்வில் நிலைபெற்ற ஒரு முறை. எஸ். வையாபுரிப்பிள்ளை நூல்களின் காலத்தை ஆராய்ந்தபோது சொல் வழக்குகளுக்கு முதன்மை தந்தார். இம்முறையில் ஒரு சொல்லோ தொடரோ ஒரு நூலில் இருப்பது எவ்வளவு சான்றோ, இல்லாமையும் அவ்வளவு சான்றாகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு போன்ற அச்சுக் கருவிகள் இத்தகைய ஆய்வுக்குத் துணைநின்றன. இன்று அவ்விடத்தில் பெரும்பாலும் தேடுபெட்டியே நிற்கிறது.

இம்மாற்றத்தால் வேகம் கூடியது உண்மை. ஆனால் அச்சுச் சொல்லடைவில் தொகுப்பாசிரியர் தொடரை எங்கே பிரித்தார் என்பது தலைச்சொல்லிலேயே வெளிப்படும். பிரிப்பு தவறெனக் கருதும் ஆய்வாளர் அதை மறுக்கலாம். தேடுபொறியிலும் அத்தகைய பிரிப்பு நிகழ்கிறது. யார், எந்த நெறிப்படி பிரித்தார் என்பதுதான் பயனருக்குத் தெரிவதில்லை. குறிப்பாக, தொடரின் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துத் தேடும்போது இம்மறைவான நெறி விடையையே தீர்மானிக்கிறது.

தேடுபொறியின் அடிப்படைக் கொள்கை

1999இல் டக் கட்டிங் உருவாக்கத் தொடங்கிய லூசீன் என்னும் நிரல் தொகுதியும், அதன்மேல் கட்டப்பட்டு 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச்சும் முழுப்பனுவல் தேடலில் பரவலாகப் பயன்படுபவை. இவை பனுவலை முதலில் சிறு அலகுகளாக வெட்டுகின்றன. ஒவ்வோர் அலகும் எந்த ஆவணத்தில், எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதை ஓர் அடைவில் பதிகின்றன. மேற்கோள்குறிக்குள் ஒரு தொடரைத் தந்து தேடினால், அத்தொடரின் அலகுகள் அடுத்தடுத்த இட எண்களில் உள்ளனவா என்று பார்க்கின்றன. தமிழ்ப் பனுவலில் அலகு என்பது நடைமுறையில் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே உள்ள எழுத்துத் தொடர்தான்.

தொடரின் பகுதியைத் தேடுவதற்கு எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு தனி வினவல் வகை உண்டு. அதில் இறுதி அலகைத் தவிர மற்றவை முழுமையாகப் பொருந்த வேண்டும். இறுதி அலகு மட்டும் ஒரு சொல்லின் தலைப்பகுதியாக இருக்கலாம். ‘தமிழ் இலக்கிய வர’ என்று தேடினால் ‘தமிழ் இலக்கிய வரலாறு’, ‘தமிழ் இலக்கிய வரலாற்றில்’ ஆகிய இரண்டும் கிடைக்க வேண்டும். ஆங்கிலம் போன்ற மொழிகளில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பரிந்துரை காட்ட இம்முறை பயன்படுகிறது. தமிழில் இது மூன்று இடங்களில் தவறுகிறது.

முதலாவது, சொல்லின் தலைப்பகுதி மாறாது என்னும் கொள்கை. ‘வரலாறு’ என்று முழுச்சொல்லையும் தந்தால் ‘வரலாற்றில்’ கிடைக்காது. வேற்றுமை ஏற்கும்போது ‘று’ என்பது ‘ற்று’ என இரட்டிக்கிறது. கூடுதலாகத் தட்டச்சு செய்தவருக்குக் குறைவாகக் கிடைக்கும் என்னும் முரண் இங்கே எழுகிறது. இதனினும் நுட்பமான இடர் ஒருங்குறியின் எழுத்தமைப்பில் உள்ளது. ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களால் ஆனது. ‘தமிழை’ என்பதில் ஐந்தாவதாகப் புள்ளிக்கு மாறாக ஐகாரக் குறி நிற்கிறது. ஆகவே கணினியின் கணக்கில் ‘தமிழ்’ என்பது ‘தமிழை’, ‘தமிழால்’, ‘தமிழில்’ ஆகிய எதற்கும் தலைப்பகுதி அன்று. அதேநேரத்தில் ‘கண்’ என்பது ‘கண்ணை’ என்பதற்குத் தலைப்பகுதியாகிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிப்பதால் புள்ளி நிலைத்துவிடுகிறது. ஒரே வேற்றுமையை ஏற்ற இரு பெயர்களில் ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமற்போவதற்கு மொழியியல் காரணம் ஏதுமில்லை. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கண்ட இலக்கணமும் அதைக் குறியெண்களின் வரிசையாகக் கண்ட குறியேற்றமும் ஒத்துப்போகாமையே காரணம்.

இரண்டாவது, தொடரின் இறுதி மட்டுமே முற்றுப்பெறாமல் இருக்கலாம் என்னும் கொள்கை. தமிழில் தேடும் தொடர் ஓர் அலகின் நடுவில் தொடங்குவது இயல்பு. ‘தமிழ்ப் பாட்டு’ என்று தேடுபவருக்குச் ‘செந்தமிழ்ப் பாட்டு’ கிடைக்காது. ‘தமிழ் சங்கம்’ என்று தேடினால் ‘தமிழ்ச் சங்கம்’ கிடைக்காது. வல்லினம் மிக்கதால் முதல் அலகே வேறாகிவிட்டது. சேர்த்து எழுதிய ‘தமிழ்ச்சங்கம்’ மூன்றாவது அலகாக நிற்கும். அலகுகளுக்கு இடையே வேறு சொற்கள் வர இசையும் இடைவெளித் தளர்வும் இங்கு உதவாது. பிரிந்த சொற்களை அணுக்கமாக்கலாமே தவிர, ஒன்றிய சொற்களை அது பிரிக்காது.

மூன்றாவது, விரிவு வரம்பு. இறுதித் தலைப்பகுதியில் தொடங்கும் சொற்களை அடைவிலிருந்து எடுக்கும்போது எலாஸ்டிக்சர்ச் இயல்பான அமைப்பில் 50 சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது. அவையும் அடைவின் வரிசையில் முதலில் வருபவை. பொருத்தம் மிக்கவை அல்ல. பெரிய தொகுப்பொன்றில் ‘வர’ என்று தொடங்கி ககர, தகர, மகர வரிசைகளில் அமையும் சொற்களும் அவற்றின் வேற்றுமை வடிவங்களும் சேர்ந்து 50ஐ நிரப்பிவிட்டால், லகர வரிசையில் நிற்கும் ‘வரலாறு’ எட்டப்படாமலேயே போகும். ஒரு பெயரே பல பத்து வடிவங்களை ஏற்கும் மொழியில் இவ்வரம்பு சிறிதன்று. பல தேடல் பக்கங்களில் இவ்வரம்பு எட்டப்பட்டது என்ற குறிப்பும் பயனர் கண்ணுக்குப் படுவதில்லை.

மாற்று முறைகளும் அவற்றின் எல்லைகளும்

இக்குறைகளுக்கு மாற்றாக இரண்டு முறைகள் கூறப்படுகின்றன. ஒன்று, விகுதிகளையும் உருபுகளையும் களைந்து வேர்வடிவத்தை அடைவிடுதல். 2019இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12ஆம் பதிப்பில் தமிழுக்கான ஸ்நோபால் களைமுறை இடம்பெற்றது. ‘வரலாறு’, ‘வரலாற்றில்’ போன்ற வடிவங்களை ஒன்றுசேர்க்க முயலும் இம்முறை பொருள்வழித் தேடலுக்குப் பயன்படும். எனினும் தொடரின் வடிவத்தையே ஆராய்பவருக்கு அது பொருந்தாது. எந்த உருபு விரிந்தது, எது தொக்கது என்பதே ஆய்வுப் பொருளாக இருக்கும்போது உருபைக் களைந்த அடைவு அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. சொற்களின் இடையே நிகழ்ந்த புணர்ச்சியையும் அது தொடுவதில்லை.

மற்றொன்று துண்டுமுறை. பனுவலைக் குறிப்பிட்ட நீளமுள்ள எழுத்துத் துண்டுகளாக வெட்டி அடைவிட்டால் சொல்லின் எந்தப் பகுதியையும் தேடலாம். மைஎஸ்கியூஎல் 5.7ஆம் பதிப்பில் சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளுக்கெனச் சேர்க்கப்பட்ட துண்டுமுறை, இயல்பாக இரண்டு எழுத்துருக்களை ஒரு துண்டாகக் கொள்கிறது. சீனத்தில் இரண்டு எழுத்துருக்கள் பெரும்பாலும் ஒரு சொல்லாகும். தமிழில் இரண்டு குறியெண்கள் ‘தி’ என்னும் ஓரெழுத்தாகவே முடிந்துவிடலாம். ஒரு மொழிக்கு வகுத்த அளவை மற்றொரு மொழிக்கு ஆராயாமல் பெயர்ப்பதன் விளைவு இது. துண்டின் நீளத்தைக் கூட்டினாலும் ‘தலை’ என்று தேடுபவருக்கு ‘விடுதலை’, ‘பாடுதலை’ ஆகியவையும், ‘கலை’ என்று தேடுபவருக்குச் ‘சிக்கலை’, ‘நகலை’ ஆகியவையும் வந்து குவியும்.

ஆயினும் இவ்விரு வகைப் பிழைகளும் ஒரு நிகரல்ல. தேவையற்றவை கலந்துவந்தால் ஆய்வாளர் படித்து விலக்கலாம். இழப்பு காலம் மட்டுமே. வரவேண்டியது வராமற்போனால் அதைப் படித்துக் கண்டறிய வழியில்லை. இலக்கிய ஆய்வுக்கான தேடுபொறி துல்லியத்தைவிட நிறைவுக்கே முதலிடம் தர வேண்டும்.

செய்யுளில் இடைவெளி

உரைநடையில் எழும் இவ்விடர் செய்யுளில் பன்மடங்காகிறது. செய்யுட் பதிப்புகளில் இடைவெளி பெரும்பாலும் சீரின் எல்லையைக் காட்டுகிறது. சொல்லின் எல்லையை அன்று. ‘கடலினைக் கண்டான்’ என்னும் தொடர் சீர்நோக்கில் ‘கடலி னைக்கண்டான்’ என நிற்குமானால், தேடுபொறியின் அடைவில் ‘கடலினை’யும் இல்லை, ‘கண்டான்’ என்பதும் இல்லை. யாப்பிலக்கணம் வகையுளி என்று பெயரிட்டு விளக்கிய இயல்பை இயந்திரம் சொல்லாகப் பதிவுசெய்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வத் தொகுப்புகளால் பெருந்தொகையான நூல்கள் இன்று நம் கைக்கெட்டுகின்றன. மூலப் பதிப்புகள் சிலவற்றில் சீர்பிரிப்பும் சிலவற்றில் சொற்பிரிப்பும் இருப்பதால், மின்பனுவல்களும் அவ்வாறே வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டு நூல்களில் ஒரு தொடரின் எண்ணிக்கையை ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது புலவர்களின் நடையாக இராமல் பதிப்பாசிரியர்களின் பிரிப்பு முறையாக இருந்துவிடலாம்.

எல்லாப் பனுவல்களையும் சொற்பிரித்து வைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பர் சிலர். பிரிப்பு என்பது உரைகாணும் செயல். உரையாசிரியர்கள் ஒரே அடியை வேறு வேறாகப் பிரித்துப் பொருள் கண்டுள்ளனர். ஒரு பிரிப்பை மட்டும் அடைவில் ஏற்றினால் மற்றது தேடலுக்குப் புலப்படாது. காளமேகப் புலவரின் சிலேடைப் பாடல்கள் போன்றவற்றில் இரு வேறு பிரிப்புக்கு இடந்தருவதே செய்யுளின் உயிராக இருக்கும். அவற்றை ஒருவழிப் பிரித்தல் பனுவலையே குறைப்பதாகும்.

புணர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளுதல்

மரபிலக்கணம் இச்சிக்கலை வேறு நோக்கில் முன்னரே வகுத்துத் தந்துள்ளது. நிலைமொழியும் வருமொழியும் புணர்கையில் இயல்பாதல், தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய நான்கே நிகழும். ஒரு தேடுபொறியின் பொருத்த நெறியை இந்நான்கு தலைப்பிலும் சோதிக்கலாம். ‘தமிழ் ஆய்வு’ என்று தேடினால் ‘தமிழாய்வு’ கிடைக்கிறதா? ‘மணி அடித்தான்’ என்றால் ‘மணியடித்தான்’ கிடைக்கிறதா? ‘பொன் குடம்’ என்றால் ‘பொற்குடம்’ கிடைக்கிறதா? ‘மரம் வேர்’ என்றால் ‘மரவேர்’ கிடைக்கிறதா? இடைவெளியை எல்லையாகக் கொள்ளும் தொடர்த் தேடல் இந்நான்கிலும் தோற்கிறது.

இதற்குத் தீர்வு அரிதன்று. முதலில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒன்றாகவும் இரண்டாகவும் குறியேற்றம் பெறும் வேறுபாட்டை ஒருமைப்படுத்த வேண்டும். அடுத்து உயிர்மெய்களை மெய்யும் உயிருமாகப் பிரித்து, இடைவெளிகளை நீக்கி அடைவிட வேண்டும். சீர், அடி, இடைவெளி ஆகியவற்றின் இடங்களைத் தனியே குறித்துவைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலே, மெய்யீற்றின்மேல் உயிர் ஏறும் இயல்பு புணர்ச்சியும் வகையுளியும் தாமாகவே பொருந்திவிடும். ‘தமிழ் ஆய்வு’ம் ‘தமிழாய்வு’ம் ஒரே ஒலித்தொடராகிவிடுகின்றன. பின்னர் யகர, வகர உடம்படுமெய்யையும், மிகும் வல்லினத்தையும், னகர லகரங்கள் றகரமாகவும் ணகர ளகரங்கள் டகரமாகவும் திரிவதையும், மகர ஈறும் குற்றியலுகரமும் கெடுவதையும் விருப்ப விதிகளாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு விடையும் எந்த விதியின் துணையால் கிடைத்தது என்பதைக் காட்டவும் வேண்டும்.

இம்முறையிலும் பொய்ப்பொருத்தங்கள் வரும். ‘மண்ணுக்கு அருமை’ என்பது ‘மண்ணுக்கருமை’ ஆகும்போது ‘கருமை’ என்று தேடியவருக்கும் அது தென்படும். அதை விலக்குவது ஆய்வாளரின் வேலை. அடைவின் அளவு பெருகும் என்பதும் பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரை தடையாகாது. தலைகீழ் அடைவு கோடிக்கணக்கான ஆவணங்களுக்காக வளர்ந்த நுட்பம். பாட்டும் தொகையுமான 18 நூல்களைத் தேடலின்போது முதலிலிருந்து இறுதிவரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது எளிய கணினிக்கும் இயல்வதே.

முடிவுரை

பகுதித் தொடரைப் பொருத்தும் நெறி நிரலரின் வசதிக்குரிய ஒரு தெரிவு என்று கருதப்படுகிறது. தமிழில் அது சொல் எது, தொடர் எது என்பது பற்றிய இலக்கண முடிவாகவே அமைகிறது. அம்முடிவு மறைந்திருக்கும்வரை ‘இத்தொடர் இந்நூலில் இல்லை’ என்னும் கூற்று, ‘இக்கருவி இவ்வடிவில் காணவில்லை’ என்பதற்கு மேல் பொருள் தராது. எனவே தேடலை ஆதாரமாகக் காட்டும் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் எந்தப் பதிப்பு, சீர்பிரிப்பா சொற்பிரிப்பா, எந்தப் பொருத்த நெறி, எந்தெந்தப் புணர்ச்சி வடிவங்கள் தனித்தனியே தேடப்பட்டன ஆகிய நான்கையும் குறிப்பிடுதல் வேண்டும். நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் மேற்கோளின் பக்க எண்ணைக் கேட்பது போலவே இவற்றையும் கேட்கத் தொடங்கினால், கருவிகளை உருவாக்குவோர் தம் நெறிகளை வெளியிடும் நிலையும் உருவாகும்.