அச்சுக்கூடத்துச் சொல்லில் ஓர் உதவிநூல்

ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்கவடிவமைப்பு மென்பொருளுக்குப் பலர் கூடி இணையத்தில் எழுதிய உதவிப் பக்கங்களை, ஒரு நூலைப் போலவே அண்மையில் வாசித்தேன். இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நமது தொகுதிகள் எந்தக் கோப்பில் கிடக்கின்றன என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பெரும்பாலானவை பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. பாமினியோ ஆங்கில 'எம்'மின் இடத்தில் 'அ'வை வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் 'அம்மா'வும் வெறும் ஆங்கிலக் குப்பையாகிவிடும். நண்பரொருவரின் சிறுகதைத் தொகுதியை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது எனக்கு நேர்ந்தது இதுதான். அதைக் கோத்த தம்பி எப்போதோ கட்டாருக்குப் போய்விட்டார்.

பாமினியில் 'கொ' வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு அரவு. யுனிகோடில் 'க' முதலில் நிற்கும். கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் வேலை. ஸ்கிரைபஸின் 1.4 வரிசைக்கு அது தெரியாது. 2017இல் வந்த 1.5.3தான் அதைக் கற்றது. அரபு எழுத்துக்காக ஓமானில் ஒரு குழு செய்த உழைப்பு தமிழையும் சேர்த்தே கரையேற்றியது. இரண்டு எழுத்தையும் ஒரே பக்கத்தில் கோக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல.

இனி அந்தப் பக்கங்கள். நிறமுகாமைத்துவம், பீடிஎஃப் பற்றியெல்லாம் பொறுமையாக, வாசகனை மட்டந்தட்டாமல் சொல்கின்றன. ஆனால் பல இடங்களில் மெனுவைச் சுற்றியே நடக்கின்றன. சிக்கலோடு வருபவன் வாசலிலேயே நிற்கிறான். பாமினிக் கோப்போடு வருபவனுக்கு அங்கே ஒரு வரியும் எனக்கு அகப்படவில்லை. அது அவர்களின் குற்றமல்ல. அதை எழுத வேண்டியவர்கள் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள்.

எழுதினால் எந்தத் தமிழில் என்பதே என் கவலை. அச்சகத்தில் எல்லோரும் 'பிளீட்', 'மார்ஜின்', 'பிளேட்' என்கிறார்கள். அகராதி பார்த்துப் புதுச்சொல் கட்டினால் பண்டிதர் மகிழ்வார், கோப்பவர் மூடிவைத்துவிடுவார். (கலைச்சொல் ஆர்வலர்கள் என்னைப் பொறுத்தருள்க.)

முதல் பக்கத்துக்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது: தமிழ் வரியின் நடுவே அரபு வசனமொன்று அடைப்புக்குறியோடு வந்தால், அந்தக் குறி எந்தப் பக்கம் திரும்பும், அதை எப்படிச் சரிசெய்வது? இதைத் தினமும் கையால் திருத்தியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் ஒருவர் பத்து வரி எழுதித் தந்தால், மெய்ப்புப் பார்க்க நான் தயார்.