உயிர் மீண்டவனின் சாட்சியும் நமது துதியும்

ஆபத்தினின்று தப்பியவர் சபையில் எழுந்து சாட்சி கூறுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்க்கத் தூண்டும் நூலொன்றை ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் பரிந்துரைக்க விரும்புகிறோம். பிரிமோ லேவி 1947-ல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட ‘இவன் ஒரு மனிதனாயின்’ என்னும் நூலே அது. ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு.

லேவி 1919-ல் துரின் நகரில் பிறந்த யூதர், வேதியியல் கற்றவர். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருடன் சென்ற 650 பேரில் முகாமுக்குள் சேர்க்கப்பட்டோர் ஆண்கள் 96, பெண்கள் 29. ஏனையோர் இரண்டு நாளுக்குள் மாண்டனர். இவற்றை அவர் புலம்பலின்றி, நீதிமன்றச் சாட்சியைப் போல் அடக்கமாக உரைக்கிறார். நூலின் வலிமை அவ்வடக்கத்திலேயே உள்ளது.

1944 அக்டோபரில் நச்சுவாயு அறைக்கு ஆள் பொறுக்கும் நாள். தாம் தெரிந்தெடுக்கப்படவில்லை என்பதற்காக முதியவர் கூன் உரக்கக் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறார். அருகே, சாவுக்குக் குறிக்கப்பட்ட இருபது வயது இளைஞன் பேப்போ விளக்கை வெறித்தபடி கிடக்கிறான். அந்த ஜெபத்தை லேவி வன்மையாகக் கண்டிக்கிறார். தம்மைக் காத்தது தெய்வச் செயலே என்று நண்பர் ஒருவர் கூறியதையும் ஏற்க மறுத்ததாக, 1986-ல் வெளியிட்ட பிறிதொரு நூலில் எழுதினார். மடிந்தவரைவிட மீண்டவர் மேலானவரல்லர் என்பதே அவர் கருத்து.

லேவி கடவுள் நம்பிக்கையற்றவர் என்று கூறி இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் எளிது. ஆயின் ஆலயத்தில் நின்று, தான் மற்றவரைப்போல் இராததற்காக ஸ்தோத்திரித்த பரிசேயனை நமக்குக் காட்டியவர் நம் ஆண்டவரல்லவா? நன்றி செலுத்துதல் தவறன்று. அருகிருப்பவனைக் காணாத நன்றியே தவறு.

நன்மையையும் இந்நூல் மறைக்கவில்லை. லொரென்சோ என்னும் இத்தாலியக் கொத்தனார் ஆறு மாதம் நாள்தோறும், கைம்மாறு கருதாது, லேவிக்கு உணவு கொணர்ந்தார். உலகில் நன்மை இன்னும் உண்டென்பதை அவருடைய எளிய செயல் நினைவூட்டிற்று என்கிறார் லேவி. அருளுரை ஆயத்தம் செய்வோர் இப்பகுதியை ஊன்றி வாசிப்பார்களாக.

லேவி தம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்குச் சென்று மாணவரோடு உரையாடியவர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட வினாக்களுக்கு 1976-ல் விடை எழுதி, நூலின் பள்ளிப் பதிப்பில் சேர்த்தார். பகைவரை வெறுக்கிறீரா, மன்னித்தீரா என்பன போன்ற வினாக்கள் அவை. வெறுப்பைத் தாம் வளர்க்கவில்லை என்கிறார். ஆயினும் தன் குற்றத்தைச் செயலால் உணர்த்தாதவனுக்கு மன்னிப்பு வழங்க முன்வரவில்லை. மன்னிப்பை எளிதாய்ப் பேசும் நமக்கு இவ்விடத்தில் கடினமான பாடம் உண்டு. அவர் 1987-ல் மறைந்தார். அவ்வுரையாடலின் பயன் அவ்விடைகளில் இன்றும் கிட்டுகிறது. நூலையும் அவற்றையும் சேர்த்தே வாசித்தல் நன்று.

அடுத்த ஸ்தோத்திர ஆராதனைக்கு முன், சபை வாலிபரோடு அமர்ந்து கூனின் ஜெபத்தைப் பற்றிய பக்கங்களை வாசியுங்கள். பின்பு, மீளாதவர் வீட்டார் கேட்க நாம் எவ்வாறு துதிப்பது என்று ஆராயுங்கள்.