அரை மில்லிமீட்டர் மூச்சு

கேட்டேங்க! என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பிறந்து மூணே நாளான சுண்டெலிக் குட்டியின் மூளைத்தண்டில் சீவியெடுத்த ஒரு துண்டு, தடிமன் அரை மில்லிமீட்டர்தான். உப்புக்கரைசலில் கிடக்கிறது. நுரையீரல் கிடையாது, மார்பு கிடையாது. நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் ஒரு மின்முனை, அதிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி. அறையில் சத்தமே இல்லை. திடீரென்று "ஸ்ஸ்ர்ர்ர்...", சில விநாடி கழித்து மறுபடி "ஸ்ஸ்ர்ர்ர்..." எனக்குப் புல்லரித்து, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தத் துண்டு மூச்சு விட முயன்றுகொண்டே இருக்கிறது!

இதை 1991இல் எலிக்குட்டியில் காட்டியவர்கள் ஜெஃப்ரி ஸ்மித்தும் ஜாக் ஃபெல்ட்மனும் அவர்கள் கூட்டாளிகளும். துண்டுக்குள் இந்தத் தாளம் பிறக்கும் இடத்தின் பெயர் 'பிரீ-பெட்ஸிங்கர்'. அந்தப் பெயர், பக்கத்துப் பகுதிக்கு ஒரு ஜெர்மன் மாநாட்டில் மேசையிலிருந்த வைன் பாட்டிலைப் பார்த்து ஃபெல்ட்மன் வைத்த பெயரிலிருந்து வந்தது!

வளர்ந்த எலியின் துண்டு இப்படி லேசில் தாக்குப்பிடிக்காது, அதொன்றுதான் குறை. ஆனால் குட்டியிடம்தானே விஷயமே இருக்கிறது! பிறக்குமுன் காபா, கிளைசின் என்ற மூளை வேதிப்பொருள்கள் நரம்பணுவை உசுப்பிவிடுகின்றன. அணுவுக்குள் தேங்கிய குளோரைடை வெளியேற்றும் பம்பு முதிர முதிர, அதே காபா, அதே கிளைசின், அணுவை அடக்கும் கடிவாளமாக மாறிவிடுகின்றன, ஆள் ஒன்று, வேலை தலைகீழ்! அதோடு நின்றதா? எலிக்குட்டிக்குப் பன்னிரண்டாம் நாள் வாக்கில் மூச்சு மையங்களில் உசுப்பும் குளூட்டமேட் சட்டென்று இறங்குகிறது, அடக்கும் காபா ஏறுகிறது, அந்த ஓரிரு நாள் ஆக்சிஜன் குறைந்தால் சமாளிக்கும் திறனும் தளர்ந்துவிடுகிறது என்று மார்கரெட் வாங்-ரைலியின் குழு கண்டதைப் படித்தபோது, நடுராத்திரி என்றும் பாராமல் தம்பியை எழுப்பிச் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை!

தம்பி மகளுக்குப் பத்து நாள். தொட்டிலருகே உட்கார்ந்து எண்ணினேன். விறுவிறுவென்று மூச்சு, அப்புறம் ஐந்து விநாடி ஒன்றுமே இல்லை, மறுபடி விறுவிறு. முன்பென்றால் அலறியிருப்பேன். இப்போது, அந்தச் சின்னத் தலைக்குள் தாளம் பழகும் சத்தமே கேட்பதுபோல் இருந்தது. குறைமாதக் குழந்தைக்கு இந்தத் தாளம் தவறினால் டாக்டர்கள் காஃபீன் கொடுக்கிறார்கள், நம்ம காப்பியில் இருக்கும் அதே காஃபீன்!

வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால் இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மல்லாத்தியே தூங்க வையுங்கள். மூச்சு 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பூத்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.